சீட் பெல்ட்டில் இருந்த திகதி

வாகனத்தின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தால், அடிப்பக்கத்தில், போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்னத் துணித் துண்டு தைத்திருக்கும். இரண்டு விரல் அகலம்தான். அதில் கொஞ்சம் ஜப்பான் எழுத்து, கொஞ்சம் இலக்கங்கள், நடுவில் அந்த பெல்ட்டைச் செய்த வருடமும் மாதமும். பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் பொனட்டைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு வெளியே வருவார்கள். நான் முதலில் குனிந்து அந்தத் துண்டைத்தான் தேடுவேன். போன மாதம் குண்டசாலையில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் அப்படிக் குனிந்து முன்பக்க பெல்ட்டை இழுத்தபோது, கார்களைக் காட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். “மிஸ், எல்லாரும் எஞ்சினைப் பார்ப்பாங்க, நீங்க என்னமோ பெல்ட்டை அளக்கிறீங்களே.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. அவரோடு சேர்ந்து, இத்தனை வருடமாகியும் ஆறாத கோபமும் வந்தது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. மஹய்யாவயில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே லயத்து வரிசையில், ஒரு சுவர்தான் நடுவில். அங்கே அவர் இருமினால் இங்கே அப்பா “மாத்திரை போட்டியாடா?” என்று கேட்பார். தலை நரைக்கும்வரை அடுத்தவர்களின் வண்டியைத்தான் ஓட்டினார். மரக்கறி லொறி ஓட்டினார், ஒரு டொக்டரின் கார் ஓட்டினார், வெள்ளைக்காரர்களை ஏற்றும் ஹோட்டல் வேன் ஓட்டினார். எல்லா வண்டியையும் தன் சொந்த வண்டி மாதிரியே கழுவித் துடைப்பார். டொக்டர் வீட்டம்மா “டிரைவர், கை வைக்காதீங்க, கறை படும்” என்று சொன்ன கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. கடைசியில் தன் சேமிப்பு, சித்தியின் நகை, கொஞ்சம் கடன் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு வேன் வாங்கினார். ஜப்பானில் ஓடிய வேன். கப்பலில் வந்து இங்கே புதிதாகப் பதிவு செய்தது.

இங்கிலீஷ் எழுத்து போட்ட நம்பர் தகடுகள் வந்த புதிது அது. எங்கள் ஊரில் வாகனத்தின் வயதை யாரும் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள். நம்பரைப் பார்ப்பார்கள். நடுவில் ஸ்ரீ எழுத்து போட்ட நம்பர் என்றால் கிழடு. இலக்கங்களுக்கு நடுவில் கோடு போட்ட நம்பர் என்றால் நடுத்தர வயது. இங்கிலீஷ் நம்பர் என்றால் அடேயப்பா, பெண் பார்க்கப் போகலாம்! தகடு என்றைக்கு மாட்டினார்களோ அன்றைக்குத்தான் வண்டி பிறந்தது என்று படித்தவர்களும் நம்பினார்கள், படிக்காதவர்களும் நம்பினார்கள். ஜப்பானில் அது எத்தனை வருடம் ஓடியது, எத்தனை மழையில் நனைந்தது என்று எவரும் கேட்கவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. புத்தகத்தில் தயாரித்த வருடம் என்று ஒன்று போட்டிருந்தது. அது பதிவு செய்த வருடத்துக்குக் கொஞ்சம்தான் முந்தியது. அது போதாதா? அரசாங்க முத்திரை குத்திய புத்தகம் பொய் சொல்லும் என்று எவன் நினைப்பான்?

வேனைக் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போட்ட அன்று மஹய்யாவயே திரண்டு வந்தது. சக்கரத்துக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐயர் விபூதியை எடுத்து நம்பர் தகட்டின்மேல் மூன்று கோடு இழுத்தார். சித்தப்பா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை நகர்த்தினார். நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. “நாலும் ஒண்ணா நசுங்கிருச்சி, ராசியான வண்டி!” என்று சித்தி கத்தினாள். வண்டி பிறந்த வருடமே பொய். எலுமிச்சம்பழம் என்ன செய்யும், பாவம்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பேராதனையில் நர்ஸ்மாரை ஏற்றி இறக்கும் நிரந்தர ஓட்டம் ஒன்று சித்தப்பாவுக்கு அமைவதாக இருந்தது. அந்த ஓட்டத்தை எடுத்து நடத்தியவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள், வண்டி இத்தனை வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்று. புத்தகப்படி சித்தப்பாவின் வேன் அந்த எல்லைக்குள் தாராளமாக இருந்தது. அவர்களுடைய மெக்கானிக் பாஸ் ஒருவர் வேனைப் பரிசோதிக்க வந்தார். எஞ்சினைத் தொடவே இல்லை. நேரே உள்ளே ஏறி ஒரு பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றை இழுத்தார். ஐந்தையும் இழுத்துவிட்டு இறங்கி, சித்தப்பாவின் தோளில் கை வைத்து, “அண்ணே, இந்த வேன் ஒங்க புத்தகத்தை விட ஆறு வருசம் மூத்தது” என்றார். அன்றைக்குத்தான் எங்கள் குடும்பம் முதல் தடவையாக அந்தத் துணித் துண்டைப் பார்த்தது.

மறுநாள் காலையிலேயே சித்தப்பா வேன் வாங்கிய இடத்துக்குப் போனார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடிதம் எழுத வேண்டி வரலாம் என்று என்னையும் கூட்டிப் போனார். முதலாளி எங்களைக் கதிரையில் உட்கார வைத்தார், பால் தேநீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கண்ணிமைப்புக்கூட இல்லை. “ஜப்பான்காரன் பழைய பெல்ட் ஏதாவது மாத்திப் போட்டிருப்பான் ஐயா. அது ஒரு விசயமா?”

“அஞ்சு பெல்ட்டையுமா?” என்றார் சித்தப்பா.

முதலாளி தேநீரை ஒரு மிடறு குடித்தார். “ஐயா, புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான் வண்டி. நீங்க வண்டியோட ரெண்டு வருசம் சம்பாதிச்சிட்டீங்க. இப்ப வந்து துணியைக் காட்டுறீங்க.” இதைச் சொல்லும்போது அவர் மேசையில் சாமிப் படம், அதற்குப் புதுப் பூமாலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேநீரை அவர் வெள்ளைச் சட்டையில் ஊற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. குடித்துவிட்டு வந்தோம். அந்தத் தேநீரைக் குடித்தோமே!

அடுத்து ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். எந்தக் கந்தோர் என்று இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது? மூன்று ஜன்னல் மாறி நான்காவது ஜன்னலில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் கொடுமை. குரலைத் தாழ்த்தி, எங்களுக்கு நல்லது சொல்வதாகவே சொன்னார். புத்தகத்தில் உள்ள வருடம் பொய் என்று எழுதிக் கொடுத்தால், பொய்ப் புத்தகம் உள்ள வண்டியை ரோட்டில் ஓட விட முடியாது, விசாரணை முடியும்வரை பிடித்து வைப்பார்கள். விசாரணை எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. விற்ற முதலாளியை விசாரிப்பார்களா என்று கேட்டேன். “அவர் வாங்கினது இன்னொருத்தர்கிட்ட. அந்த இன்னொருத்தர் யார்னு பார்க்கணும்” என்றார். பொய் எழுதியவன் கடலுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சுகமாகத் தூங்குவான், வேனை மட்டும் மஹய்யாவயிலிருந்து இழுத்துக்கொண்டு போவார்கள். இதுதான் அவர்கள் நியாயம். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தைச் சித்தப்பா வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் குண்டசாலையில் அந்த நிலம் வந்தது. எங்கள் லயத்தில் பிறந்தவர்களுக்கு நிலம் என்றால் என்ன என்று வேறு ஆட்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். மூன்று தலைமுறையாக ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்தவர்கள் நாங்கள். நின்ற இடம்கூட எங்களுடையது இல்லை. சித்தப்பா தன் மகளுக்காக, என் தங்கச்சிக்காக, ஒரு துண்டு காணி பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டார். மீதியைக் கட்ட மூன்று மாதத் தவணை. வேனை விற்றால்தான் உண்டு. நர்ஸ் ஓட்டமும் கை நழுவிவிட்டதால் சித்தியும் விற்கலாம் என்றாள். தங்கச்சி ஒரு கொப்பியில் வீட்டுப் படம் வரைந்து ஜன்னலுக்கெல்லாம் நீலக் கலர் அடித்து வைத்திருந்தாள்.

“வாய மூடிட்டு வித்துருடா” என்றார் அப்பா. “ஒனக்கு எவனாவது சொன்னானா?”

“நாம என்னா பொய்யா சொல்றோம்? புத்தகம் சொல்றதத்தான நாமளும் சொல்றோம்” என்றாள் சித்தி.

சித்தப்பா சுவரில் சாய்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. ஊரே ஏமாற்றுகிறது, முதலாளி ஏமாற்றுகிறான், கப்பலில் ஏற்றியவன் ஏமாற்றுகிறான், இவருக்கு மட்டும் என்ன வந்தது? ஏமாந்தவன் ஒரு தடவை வாய் மூடினால் வானம் இடிந்து விழுமா? இப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

வேனைப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்த அன்று காலை, சித்தப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில், நான் என் நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் ஏறினேன். ஐந்து பெல்ட். ஒவ்வொன்றையும் இழுத்து, முழங்காலுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, துண்டைத் தையலோடு ஒட்ட வெட்டினேன். நான் வெட்டுவது நேராக இருக்கும், பள்ளிக்கூடத்தில் கைவேலைக்குப் பரிசு வாங்கியவள். பின்சீட்டில் கடைசித் துண்டை வெட்டி முடித்தபோது யாரோ வரும் சத்தம் கேட்டு அவசரமாக இறங்கினேன். ஐந்து துண்டையும் சித்தியின் அடுப்பில் போட்டேன். நைலான் துணி எரியவில்லை, உருகி நாறியது. சித்தி மூக்கைச் சுளித்து அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஊதுகுழலை எடுத்து நன்றாக ஊதினாள்.

வந்தவர் கட்டுகஸ்தோட்டையில் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர். சந்தை சந்தையாகத் துணி ஏற்றிப் போக வேன் தேடிக்கொண்டிருந்தார். நம்பரைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தது. “மாஷா அல்லாஹ், வண்டி நல்லா ஈக்கி” என்று சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சித்தி பலகாரத் தட்டோடு வாசலில் நின்றாள். எல்லாம் நல்லபடியாக முடியப் போகிறது என்று நான் மூச்சை விட்ட நேரத்தில், “கொஞ்சம் இருங்க நானா, ஒண்ணு காட்டணும்” என்று சித்தப்பா சொன்னார்.

வேன் கதவை இழுத்துத் திறந்து, படியில் முழங்கால் போட்டு, நடுச்சீட்டு பெல்ட்டை இழுத்தார். துண்டு இல்லை. பக்கத்து பெல்ட்டை இழுத்தார். இல்லை. எழுந்து முன்னுக்குப் போனார். பின்னுக்குப் போனார். ஐந்தாவது பெல்ட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் வெட்டிய இடத்தைக் கட்டை விரலால் தடவினார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். சித்தி பலகாரத்தைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்தேன்.

“இங்க ஒரு துண்டு இருந்துச்சிங்க நானா” என்றார். குரல் உயரவில்லை. “அஞ்சுலயும் இருந்துச்சி. அதுல போட்டிருந்த வருசம் வேற, புத்தகத்துல இருக்கிற வருசம் வேற. இந்த வேன் புத்தகத்த விட ஆறு வருசம் மூத்தது. எங்க வீட்டுல யாரோ வெட்டிட்டாங்க.”

அந்த “எங்க வீட்டுல” என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. வேறு எவனோ வெட்டிவிட்டான் என்று சொல்லியிருக்கலாமே! நானா புத்தகத்தை மூடி அப்பாவின் கையில் கொடுத்தார். “நீங்க செல்லாட்டி எனக்கு வெளங்கியே ஈக்காது. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்வான்” என்று சித்தப்பாவின் இரண்டு கையையும் பிடித்துச் சொன்னார். போய்விட்டார். அடுத்த கிழமை அவர் ஒரு வேன் வாங்கினார். எங்கே தெரியுமா? அதே முதலாளியிடம்! இங்கிலீஷ் நம்பர், பளபளவென்று. மஹய்யாவ வழியாகப் போகும்போது சித்தப்பாவைக் கண்டால் மரியாதையாக ஹோர்ன் அடிப்பார். உண்மை பேசியவனுக்கு ஒரு ஹோர்ன் சத்தம், பொய் விற்றவனுக்கு முழுக் காசு. இந்த ஊரில் நேர்மைக்கு இதுதான் விலை.

தவணை முடிந்தது, நிலம் போனது, முற்பணமும் திரும்பவில்லை. தங்கச்சி கொப்பியைக் கிழிக்கவில்லை, அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். சித்தி ஒரு மழைக்காலம் முழுவதும் சித்தப்பாவோடு பேசவில்லை, சோற்றுத் தட்டைச் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான். செய்தி தெரிந்து முதலாளியே ஆள் அனுப்பினான், வேனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அடிமாட்டு விலை தருகிறேன் என்று. அப்பா உடனே கொடுக்கச் சொன்னார். “அவன்கிட்ட குடுத்தா அவன் இன்னொருத்தன் தலையில கட்டிருவாண்ணே” என்றார் சித்தப்பா. கொஞ்ச காலம் மரக்கறி ஏற்றி ஓட்டினார். எஞ்சின் தன் உண்மையான வயதைக் காட்டத் தொடங்கியதும், லயத்துக்குக் கீழே நிறுத்தித் தானே கழற்றினார். கதவு ஒருவருக்கு, சீட் ஒருவருக்கு, மீதி பழைய இரும்புக்கு. வாங்கிய ஒவ்வொருவரிடமும் அது எந்த வருடத்துச் சாமான் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பின்சீட்டைக் கழற்றிய அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கையில் என் கத்தரி. வெட்டிய அன்று அவசரத்தில் எங்கே போட்டேன் என்று தெரியாமல் நான் தேடித் தேடிக் களைத்த கத்தரி.

“பாப்பா, இது ஒன்னோடதா? சீட்டுக்கு அடியில கெடந்துச்சி.”

“இல்ல சித்தப்பா” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். “அப்ப சரி” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் கத்தரியால்தான் மீசை வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வாசல் படியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, டிக் டிக் என்று. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குக் கேட்கும். எனக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் பதிவு எழுதும் வேலை கிடைத்தபோது முதலில் லட்டு வாங்கி வந்தவர் அவர்தான். வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர் கேட்காததற்கும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அவர் அந்த லயத்து அறையிலேயே இறந்தார். சாவு வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, சோடா குடித்துக்கொண்டு, “நல்ல மனுசன், ஆனா பொழைக்கத் தெரியாத மனுசன்” என்று பேசினார்கள். என் அப்பாவும் தலையாட்டினார். என்னய்யா பொழைக்கத் தெரியவில்லை? ஆறு வருடத்தைத் தின்றவனுக்குப் பொழைக்கத் தெரிந்தது. அதைக் கண்டும் முத்திரை குத்தியவனுக்குப் பொழைக்கத் தெரிந்தது. ஏமாந்ததை இன்னொருவன் தலையில் கட்டாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு செத்தவனுக்குத் தெரியவில்லையாம்! அன்றைக்கே எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் கத்தரி எடுத்தவளுக்கு எந்த வாய் இருக்கிறது? சோடாப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இனி, போன மாதம் குண்டசாலையில் நான் இழுத்த பெல்ட்டுக்கு வருகிறேன். நம்பர் புதுசு, புத்தகமும் சுத்தம். பெல்ட்டை அடிவரை இழுத்தேன். துண்டு இல்லை. தையலின் ஓரத்தில் அரை நூல் அகலத்துக்கு வெள்ளைத் துணி மட்டும் மிச்சம் இருந்தது. நேரான வெட்டு, சின்னக் கத்தரி. அந்தப் பக்கத்து பெல்ட்டையும் இழுத்தேன். அதுவும் அப்படியே.

“இது யார் வெட்டினது?” என்று கேட்டேன்.

“அது வரும்போதே அப்படித்தான் மிஸ்” என்றார் கார் காட்டியவர். சிரிப்பு போய்விட்டிருந்தது.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு இளம் புருசனும் பெண்சாதியும் அதே காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்பே பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது, அவள் கையில் ஒரு காகிதப் பையில் எலுமிச்சம்பழம். “நம்பர் புதுசுதானே, பயமில்ல” என்று அவன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவர்களைத் தாண்டிப் போனேன். நாலு அடி போயிருப்பேன். திரும்பி வந்தேன். கார் காட்டியவர் “மிஸ், மிஸ்” என்று ஓடி வந்தார், அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பெல்ட்டை இழுத்துக் காட்டினேன்.

“இங்க ஒரு துண்டு இருந்துச்சிம்மா. அதுல இந்தக் கார் உண்மையிலேயே செஞ்ச வருசம் போட்டிருந்துச்சி. யாரோ வெட்டிட்டாங்க.”

அவள் என்னையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “வெட்டினதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டாள்.

“எங்க சித்தப்பா வேன்ல அஞ்சு பெல்ட்லயும் வெட்டினது நான்தான்” என்றேன்.